தூக்குக்கும் பதினான்கு ஆண்டுக்கும் இடையில்

நம் அரசமைப்புச் சட்டத்தை முகப்புரையிலிருந்து கடைசி அட்டவணை வரை புரட்டினாலும், கொடிய தண்டனை கூடாது என்று சொல்லும் ஒரு வரியைக் காண முடியாது. அமெரிக்க அரசமைப்பில் 1791 முதல் அப்படி ஒரு வரி இருக்கிறது. எட்டாவது திருத்தம் என்று அதைச் சொல்வார்கள். நம்முடையதில் தண்டனையைப் பற்றி நேராகப் பேசுவது உறுப்பு 20 ஒன்றுதான். குற்றம் நடந்த நாளில் நடப்பில் இருந்த சட்டம் அனுமதித்ததைவிடக் கூடுதலான தண்டனையை ஒருவருக்கு விதிக்கக் கூடாது என்றும், ஒரே குற்றத்துக்காக ஒருவர்மீது இரண்டு முறை வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் மன்னிக்கும் அதிகாரம் தரும் உறுப்புகள் 72, 161 தனி. மற்றபடி எல்லாமே உறுப்பு 21இன் தலையில்தான் விழுகிறது: சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி எவருடைய உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது.

குற்றவியல் பக்கம் தொழில் செய்யும் வழக்கறிஞன் என்ற முறையில், இந்த ஒற்றை வாக்கியத்திலிருந்து உச்ச நீதிமன்றம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை வியப்போடு பார்த்தவன் நான். அதே வேளையில், அது எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதையும் பார்த்து வருகிறேன். தண்டனையை யார் விதிக்கலாம், யாரைக் கேட்ட பிறகு விதிக்கலாம், விதித்த பிறகு எவ்வளவு காலம் காத்திருக்க வைக்கலாம் என்ற கேள்விகளுக்கு நம் நீதிமன்றம் தெளிவான பதில்களைத் தந்திருக்கிறது. எவ்வளவு தண்டனை என்ற கேள்வி வரும்போதுதான் குரல் தாழ்ந்துபோகிறது. அந்தத் தயக்கத்தின் விலையை இப்போது கொடுத்துக்கொண்டிருப்பவர்கள், தூக்கிலிருந்து தப்பி, 25 அல்லது 30 ஆண்டுகளுக்கு விடுதலையைப் பற்றிப் பேச்சே கூடாது என்ற நிபந்தனையோடு சிறைக்குப் போகிறவர்கள்.

1950இல் ஏ.கே. கோபாலன் சென்னை மாகாண அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், நாடாளுமன்றம் ஒரு நடைமுறையை இயற்றியிருந்தால் போதும், அது நியாயமானதா என்று நீதிமன்றம் கேட்க வேண்டியதில்லை என்ற நிலையை உச்ச நீதிமன்றம் எடுத்தது. 1978 ஜனவரியில் மேனகா காந்தி வழக்கில் அந்த நிலை மாறியது. நடைமுறை என்றால் அது நேர்மையானதாகவும் நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று ஆனது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுனில் பத்ரா வழக்கு வந்தது. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவர் என்பதற்காகவே ஒருவரைத் திகார் சிறையில் தனி அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். தனிமைச் சிறை என்பது சட்டப்படி நீதிமன்றம் தனியாக விதிக்க வேண்டிய ஒரு தண்டனை. அதுவும் மொத்தம் மூன்று மாதங்களைத் தாண்டக் கூடாது, ஒரே தடவையில் 14 நாட்களைத் தாண்டக் கூடாது. நீதிமன்றம் விதிக்காத அந்தத் தண்டனையைச் சிறை அதிகாரி தன் விருப்பத்துக்குச் சேர்த்துக்கொடுக்க முடியாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. நம்மிடம் எட்டாவது திருத்தம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் மேனகாவுக்குப் பிறகு வந்து சேரும் இடம் ஒன்றுதான் என்ற பொருள்பட நீதிபதி கிருஷ்ணய்யர் அதில் எழுதினார். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் மெய்யானது என்பதுதான் என் கேள்வி.

மரண தண்டனையிலிருந்து தொடங்குவதே முறை. இன்றைய தலைமுறை வழக்கறிஞர்களில் பலருக்கு ஒரு செய்தி ஆச்சரியமாக இருக்கிறது. 1955இல் செய்த திருத்தம் நடப்புக்கு வரும்வரை, மரண தண்டனைக்குரிய குற்றத்தில் தூக்கு விதிக்காத நீதிபதி, ஏன் விதிக்கவில்லை என்று காரணம் எழுத வேண்டியிருந்தது. தூக்கு வழக்கம், உயிர் விலக்கு. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதை அப்படியே தலைகீழாக்கியது. ஆயுள் சிறையே வழக்கம், தூக்கு விதித்தால் சிறப்புக் காரணங்களை எழுத வேண்டும் என்றது பிரிவு 354(3). தண்டனையைப் பற்றிக் குற்றவாளியைத் தனியாகக் கேட்க வேண்டும் என்றது பிரிவு 235(2). இந்த இரண்டு பிரிவுகளும் இல்லையென்றால் 1980 மே 9 அன்று பச்சன் சிங் வழக்கில் மரண தண்டனை தப்பியிருக்காது என்று நினைக்கிறேன். ஐந்து நீதிபதிகளில் நால்வர், மரண தண்டனை அரசமைப்புக்கு முரணானதல்ல என்றார்கள்; ஆனால் அரிதிலும் அரிதான வழக்கில், வேறு வழி கேள்விக்கிடமில்லாமல் அடைபட்டுப்போன நிலையில் மட்டுமே அதை விதிக்கலாம் என்று வரம்பு கட்டினார்கள். குற்றத்தை மட்டும் பார்க்கக் கூடாது, குற்றவாளியையும் பார்க்க வேண்டும் என்பது அந்த வரம்பின் உயிர்நாடி. ஐந்தாமவரான பகவதி மாறுபட்டார். அவருடைய விரிவான தீர்ப்பு வெளிவர 1982 ஆகஸ்ட் ஆகிவிட்டது.

பகவதி அஞ்சியது தற்செயலை. எந்த நீதிபதியின் முன் வழக்கு வருகிறது என்பதைப் பொறுத்து உயிர் போவதும் நிலைப்பதும் அமையும் என்றால், அங்கே சட்டத்தின் முன் சமத்துவம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். இது வெறும் தத்துவக் கேள்வியன்று என்பதற்கு அதே ஆண்டுகளில் ஒரு வழக்கு சாட்சியாக இருந்தது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு குடும்பத்தைக் கொன்ற குற்றத்துக்காக ஜீத்தா சிங், காஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் ஆகிய மூவருக்கும் தூக்கு விதிக்கப்பட்டது. மூவரின் பங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார்கள். ஜீத்தா சிங்கின் மனு தள்ளுபடியானது. காஷ்மீரா சிங்கின் மனு வேறொரு அமர்வின் முன் போய், தூக்கு ஆயுளாகக் குறைந்தது. அது தெரியாமலே பின்னர் ஹர்பன்ஸ் சிங்கின் மனுவும் தள்ளுபடியானது. மறுசீராய்வும் போயிற்று, கருணை மனுவும் போயிற்று. 1981 அக்டோபர் 6 அன்று ஜீத்தா சிங், ஹர்பன்ஸ் சிங் இருவரையும் தூக்கிலிட நாள் குறித்தார்கள். கூட்டாளிக்குத் தண்டனை குறைந்த செய்தியைச் சொல்லி ஹர்பன்ஸ் சிங் கடைசி நேரத்தில் ஒரு மனு போட்டுத் தடையாணை பெற்றுவிட்டார். ஜீத்தா சிங் மனுப் போடவில்லை, அன்றைக்கே தூக்கிலிடப்பட்டார். ஒரே குற்றம், ஒரே தீர்ப்பு. ஒருவர் பிணம், ஒருவர் ஆயுள் கைதி, ஒருவர் இரண்டுக்கும் நடுவில். தூக்கு நிறைவேற்றும் முன் சக குற்றவாளிகளில் எவருக்கேனும் தண்டனை குறைந்திருக்கிறதா என்று சிறைக் கண்காணிப்பாளரே விசாரித்தறிய வேண்டும் என்று அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உயிர் காக்கும் பொறுப்பு நாட்டின் தலைமை நீதிமன்றத்தின் பதிவாளர் அலுவலகத்திலிருந்து இறங்கிச் சிறைக் கண்காணிப்பாளரின் மேசைக்கு வந்துவிட்டதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

குற்றவாளியைப் பார்க்க வேண்டும் என்று பச்சன் சிங் தீர்ப்பு சொன்னது, ஒரு மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். குற்றவாளி என்று அறிவித்ததும் நீதிபதி கூண்டில் நிற்பவரைப் பார்த்து, தண்டனை குறித்து ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்பார். கேட்கப்படுபவருக்கு இன்னும் முதல் வாக்கியமே மனத்தில் இறங்கியிருக்காது. அவர் வக்கீலைப் பார்ப்பார், பின்னால் நிற்கும் குடும்பத்தைப் பார்ப்பார். துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டே, "நான் ஒருத்தன்தான் சம்பாதிக்கிறேன் அய்யா, சின்னப் பிள்ளைங்க இருக்கு, பார்த்துச் செய்யுங்க" என்பார். சுருக்கெழுத்தர் அதை, குறைந்தபட்சத் தண்டனை வழங்கக் கோரினார் என்று எடுத்துக்கொள்வார். வழிக்காவல் போலீஸார் சிறைக்குத் திரும்பும் நேரத்தைக் கணக்குப் பார்த்தபடி நிற்பார்கள். பல வழக்குகளில் அன்று மாலைக்குள் தண்டனை அறிவிக்கப்பட்டு வாரண்டு கையெழுத்தாகிவிடும். இந்தக் கேள்வி வெறும் சடங்கன்று என்று 1976இலேயே சாந்தா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு 46 ஆண்டுகள் கழித்து, 2022 மே மாதம் மனோஜ் வழக்கில், மரண தண்டனை வரக்கூடிய வழக்குகளில் குற்றவாளியின் வளர்ப்பு, மனநிலை, சிறை நடத்தை ஆகியவற்றைப் பற்றிய அறிக்கைகளை விசாரணை நீதிமன்றமே வரவழைக்க வேண்டும் என்று அது திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை சொன்னது எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்பட்டது என்பது இதிலிருந்தே விளங்கும்.

வரம்பை மறந்தவர்களில் உச்ச நீதிமன்றமும் உண்டு. 1995இல் ராவ்ஜி என்பவரின் வழக்கில், தண்டனையைத் தீர்மானிப்பது குற்றத்தின் தன்மையே, குற்றவாளி அல்ல என்று இரு நீதிபதிகள் எழுதினார்கள். ஐந்து நீதிபதிகள் சொன்னதற்கு நேர் எதிரான கூற்று அது. 1996இல் ராவ்ஜி தூக்கிலிடப்பட்டார். 2009இல் பரியார் வழக்கில், ராவ்ஜி தீர்ப்பும் அதைப் பின்பற்றிய வேறு சில தீர்ப்புகளும் பச்சன் சிங்கைக் கவனிக்காமல் தரப்பட்டவை, சட்டப்படி செல்லாதவை என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. தவறான தீர்ப்பைத் திருத்திவிட்டது. அந்தத் தீர்ப்பால் செத்தவர் செத்தவர்தான்.

இனி 1983ஆம் ஆண்டு. தண்டனைச் சட்டத்தின் வரலாற்றில் அதைப் போல நெருக்கமான ஆண்டு வேறு இல்லை. பிப்ரவரி 16 அன்று வைத்தீஸ்வரன் வழக்கு, மார்ச் 24 அன்று ஷேர் சிங், ஏப்ரல் 7 அன்று மிட்டு, ஜூலையில் மச்சி சிங், செப்டம்பரில் தூக்கிலிடும் முறையே செல்லுமா என்ற தீனா வழக்கு. இவற்றில் மிட்டு வழக்கே என் மனத்துக்கு மிக நெருக்கமானது.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 303 ஒரே வாக்கியம்: ஆயுள் தண்டனையில் இருப்பவர் கொலை செய்தால் அவருக்கு மரண தண்டனை விதிக்க வேண்டும். விதிக்கலாம் என்றில்லை, விதிக்க வேண்டும். சாதாரணக் கொலைக்கான பிரிவு 302இல் நீதிபதிக்கு ஆயுள், தூக்கு என்ற இரண்டு வழிகள் இருந்தன, 303இல் ஒன்றுதான். தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான ஐவர் அமர்வு இதை எடுத்துக்கொண்டது. அதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏ. வரதராஜனும் இருந்தார். அமர்வு எழுப்பிய கேள்வி மிக எளியது. ஆயுள் தண்டனை என்பது கொலைக்கு மட்டுமா கிடைக்கிறது? பொய் ஆவணம் தயாரித்ததற்கும், நம்பிக்கை மோசடிக்கும்கூடச் சட்டம் ஆயுள் வரை அனுமதிக்கிறது. அப்படி ஒரு மோசடிக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவர் பரோலில் வீட்டுக்கு வந்த இடத்தில், யாரோ தாங்க முடியாத அளவுக்குச் சீண்டியதில் ஒரு கொலை நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதே கொலையை அதே சூழ்நிலையில் பக்கத்து வீட்டுக்காரர் செய்திருந்தால் நீதிபதி எல்லாவற்றையும் எடைபோட்டு ஆயுள் தரலாம். இவருக்கு மட்டும் தூக்கைத் தவிர வேறு வழி இல்லை. முந்தைய குற்றத்துக்கும் பிந்தைய கொலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாதபோது இந்த வேறுபாட்டுக்கு என்ன அடிப்படை?

அடிப்படை ஒன்று இருந்தது. அது காலனியக் காலத்துக்கு உரியது. 1860இல் சட்டம் எழுதியவர்களின் மனத்தில் இருந்தது சிறைக் காவலர்களின், குறிப்பாக வெள்ளை அதிகாரிகளின் பாதுகாப்பு என்பதைச் சந்திரசூட் மறைக்காமல் எழுதினார். குற்றம் உறுதியானதும் நீதிபதியின் கையிலிருந்து தராசைப் பிடுங்கிவிடும் சட்டம், தண்டனை குறித்துக் குற்றவாளியைக் கேட்க வேண்டும் என்ற பிரிவையும், சிறப்புக் காரணம் எழுத வேண்டும் என்ற பிரிவையும் பொருளற்றதாக்கிவிடுகிறது என்றார். பிரிவு 303, சமத்துவத்துக்கு உறுதி தரும் உறுப்பு 14, உயிரைக் காக்கும் உறுப்பு 21 இரண்டுக்கும் முரணானது என்று நீக்கப்பட்டது. திரும்பப் பெற முடியாத ஒரு தண்டனையை, நீதிபதியின் மனம் ஈடுபடாமல் விதிக்கச் சொல்லும் எந்தச் சட்டமும் நியாயமானதாக இருக்க முடியாது என்ற கருத்தை அமர்வில் இருந்த நீதிபதி சின்னப்ப ரெட்டி தனியாக எழுதினார்.

மிட்டு தீர்ப்பு கொள்கையாக உறைந்துவிடவில்லை. ஆயுதச் சட்டத்தின் பிரிவு 27(3) இதே போன்ற கட்டாயத் தூக்கைக் கொண்டிருந்தது. 2012இல் தல்பீர் சிங் வழக்கில் அதுவும் நீங்கியது. போதைப்பொருள் சட்டத்தில் இருந்த கட்டாயத் தூக்கை 2011இல் பம்பாய் உயர் நீதிமன்றம் நீதிபதியின் விருப்புரிமைக்கு உட்பட்டதாக்கியது. 2014இல் நாடாளுமன்றமும் அதை ஏற்றுத் திருத்தியது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 303 பிரிவு 104ஆகத் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் இப்போது அதில் இரண்டு வழிகள் உள்ளன: தூக்கு, அல்லது எஞ்சிய இயல்பான வாழ்நாள் முழுவதும் சிறை. மிட்டு தீர்ப்பின் கேள்விக்கு இது பதிலாகுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. மோசடிக்காகச் சிறை சென்று, பரோலில் வந்த இடத்தில் ஆத்திரத்தில் கொன்றவருக்கு, சாகும்வரை சிறை என்பதுதான் இப்போது குறைந்தபட்சத் தண்டனை.

வைத்தீஸ்வரன் வழக்கு நம் சென்னை வழக்கு. சுங்க அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டு நகரத்துக்கு வருபவர்களைக் கடத்தி, தூக்க மாத்திரை கொடுத்து, நகையையும் பணத்தையும் பறித்துவிட்டுக் கொன்ற கூட்டம் அது. இரக்கம் காட்டத் தோன்றாத குற்றம். தீர்ப்பும் அதை ஒளிக்கவில்லை. 1975 ஜனவரியில் தூக்கு விதிக்கப்பட்டவர் எட்டு ஆண்டுகள் தனிமைச் சிறையில் காத்திருந்த பிறகு, இப்போது என்னைத் தூக்கிலிடுவது சட்டப்படி சரியா என்று கேட்டார். தண்டனை விதித்த பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாமதமானால் தூக்கை ஆயுளாகக் குறைக்கக் கோரலாம் என்று சின்னப்ப ரெட்டியும் மிஸ்ராவும் சொன்னார்கள். ஐந்து வாரம் கழித்து ஷேர் சிங் வழக்கில் மூவர் அமர்வு, தாமதம் முக்கியம்தான், ஆனால் இரண்டு ஆண்டு என்று கணக்குக் கட்ட முடியாது என்றது. 1989இல் திரிவேணிபென் வழக்கின் ஐவர் அமர்வு அதையே உறுதிசெய்து, கருணை மனுவை அரசு தேக்கி வைக்கும் தாமதத்தைத்தான் முதன்மையாகப் பார்க்க வேண்டும் என்று வரையறுத்தது.

அந்த வழியே 2014க்குப் போனது. ஜனவரி 21 அன்று தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு, சத்ருகன் சவுகான் வழக்கில், பதினைந்து பேரின் தூக்கை ரத்து செய்தது. வீரப்பனின் கூட்டாளிகள் நால்வரும் அவர்களில் அடக்கம். கருணை மனு தள்ளுபடியானதைக் கைதிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தெரிவித்த பிறகு 14 நாள் இடைவெளி வேண்டும் என்ற விதிகளும் அன்றுதான் வந்தன. நான்கு வாரம் கழித்து, பிப்ரவரி 18 அன்று, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரின் தூக்கும் ஆயுளாகக் குறைந்தது. அவர்களுடைய கருணை மனு முடிவெடுக்கப்படாமல் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. இதைத் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த சலுகையாகப் பேசியவர்கள் வடக்கில் உண்டு. இனப் பாசத்தின் வெற்றியாகப் பேசியவர்கள் இங்கே உண்டு. 1983இல் ஒரு கூட்டுக் கொள்ளையரின் மனுவில் தொடங்கிய வாதத்தின் நேர்க்கோட்டு விளைவு அது என்பது இரு தரப்புக்கும் கவர்ச்சியற்ற உண்மை.

இதுவரை சொன்னவை எல்லாம் வழிமுறையைப் பற்றியவை. தண்டனையின் வடிவம், அளவு என்று வரும்போது என்ன கிடைக்கிறது? வடிவத்தில் ஒரு நல்ல தீர்ப்பு உண்டு. எண்பதுகளில், பெண்ணை எரித்துக் கொன்ற ஒரு வழக்கில், குற்றவாளியைப் பொது மைதானத்தில் மக்கள் பார்க்கத் தூக்கிலிட வேண்டும் என்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. லச்மா தேவி வழக்கு என்று அதைச் சொல்வார்கள். காட்டுமிராண்டித்தனமான குற்றத்துக்குக் காட்டுமிராண்டித்தனமான தண்டனை தர வேண்டியதில்லை, பொது இடத்துத் தூக்கு உறுப்பு 21ஐ மீறும் என்று உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. அளவைப் பற்றிய முக்கியமான தீர்ப்பு 2015 ஆகஸ்டில் வந்த விக்ரம் சிங். பணத்துக்காகக் கடத்தும் குற்றத்துக்குத் தூக்கு அல்லது ஆயுள் என்று மட்டும் சொன்ன, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 364A, குற்றத்துக்குப் பொருந்தாத மிகைத் தண்டனை என்று அதில் வாதிடப்பட்டது. தண்டனை குற்றத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் எது ஏற்றது என்பதை முடிவுசெய்வது சட்டமன்றத்தின் வேலை, மனசாட்சியை உலுக்கும் அளவுக்கு மிகையாக இருந்தாலொழிய நாங்கள் தலையிட மாட்டோம் என்று விலகிக்கொண்டது. மிகைத் தண்டனை என்ற ஒரே காரணத்துக்காக நாடாளுமன்றம் விதித்த சிறைக்காலத்தை நம் உச்ச நீதிமன்றம் வெட்டிக் குறைப்பதை எதிர்பார்ப்பவர் நெடுநாள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

அளவைப் பற்றிய இந்தத் தயக்கத்தின் நடுவில்தான், ஆயுள் தண்டனை உருமாறியது. ஆயுள் என்றால் பதினான்கு ஆண்டு என்பது ஊரில் எல்லோரும் நம்பும் கணக்கு. கட்சிக்காரரின் உறவினர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான். சட்டம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஆயுள் என்றால் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் என்று 1961இலேயே கோபால் விநாயக் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 1978இல் சேர்க்கப்பட்ட பிரிவு 433A, தூக்குக்குரிய குற்றத்தில் ஆயுள் பெற்றவரை அரசு பதினான்கு ஆண்டுக்கு முன் விடக் கூடாது என்று மட்டுமே சொன்னது. அது தரை; மக்கள் அதைக் கூரை என்று நினைத்துக்கொண்டார்கள். உறுப்பு 161இன் கீழ் அந்தத் தரைக்கும் கீழே போகலாம். 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டித் தமிழக அரசு ஏழாண்டு முடித்த ஆயுள் கைதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விடுவித்தது.

அதே 2008 ஜூலையில் சுவாமி சிரத்தானந்தா வழக்கு. மனைவியை உயிரோடு புதைத்து, அவர் சொத்தில் வாழ்ந்தவரின் வழக்கு அது. ஆயுளா தூக்கா என்று இரு நீதிபதிகள் பிளவுபட்டதால் மூவர் அமர்வுக்கு வந்தது. தூக்கு மிகை, ஆயுள் என்று எழுதினால் பதினான்கு ஆண்டில் வெளியே வந்துவிடுவார், அது மிகக் குறைவு. இந்த இரண்டுக்கும் இடையிலான பெரும் இடைவெளி நீதிபதிகளைத் தூக்கின் பக்கம் தள்ளுகிறது என்றார்கள். ஆகவே தண்டனைக் குறைப்புக்கு, அதாவது சிறைக்காலத்தை அரசு இடையில் குறைத்து விடுவிப்பதற்கு, இடமில்லாத ஆயுள் சிறையை விதித்தார்கள். பிறகு 20, 25, 30 ஆண்டு என்று எண் போட்டு எழுதுவது வழக்கமானது. இது செல்லுமா என்ற கேள்விக்கு 2015 டிசம்பர் 2 அன்று, அதே ராஜீவ் வழக்குக் கைதிகளில் ஒருவரான முருகன் என்கிற ஸ்ரீஹரனின் பெயரைத் தாங்கிய வழக்கில், மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் பதில் வந்தது. நீதிபதி கலிஃபுல்லா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டும் இப்படி விதிக்கலாம் என்றது. லலித், சப்ரே இருவரும் மறுத்தார்கள்: குறைப்பு வழங்குவது சட்டம் அரசுக்குக் கொடுத்த அதிகாரம், அதைத் தீர்ப்பின் மூலம் பூட்டி வைக்க நீதிமன்றத்துக்கு உரிமை இல்லை, சட்டம் வகுத்த பதினான்கு ஆண்டுக்கு மாறான கட்டாயக் காலத்தை நீதிபதி உண்டாக்க முடியாது.

நான் லலித்தின் பக்கம். சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு தண்டனை, அது எவ்வளவு நல்ல நோக்கத்தோடு உருவானாலும், உறுப்பு 21 சொல்லும் சட்டம் வகுத்த நடைமுறைக்குள் எப்படி அடங்கும் என்பது எனக்கு விளங்கவில்லை. குற்றம் நடந்த நாளில் குறைப்புக்குத் தகுதியோடு கூடிய ஆயுள்தான் சட்டத்தில் இருந்தது. குறைப்பை அடைத்துவிட்டுத் தரும் ஆயுள் அதைவிடக் கூடுதலான தண்டனை இல்லையா என்ற உறுப்பு 20இன் கேள்வியையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. மறுபக்கத்தில் ஒரு வலுவான உண்மை இருக்கிறது. அதை நான் மறைக்க மாட்டேன். இந்த நடுவழி இல்லாதிருந்தால் உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் இன்னும் பல தூக்குகளை உறுதிசெய்திருக்கும். மேல்முறையீட்டில் என் கட்சிக்காரருக்குத் தூக்கு நீங்கி 30 ஆண்டு என்று வந்தால், நீதிமன்ற வாசலில் நின்று குறை சொல்லும் துணிவு எனக்கு வராது. ஆனால் தூக்கிலிருந்து காப்பாற்றுவதற்கு என்று கண்டுபிடித்த கருவி, தூக்குக்கு அருகிலேயே போகாத வழக்குகளுக்கும் இப்போது வந்துவிட்டது. தூக்குக்குத் தகுதியற்ற வழக்கிலும் குறைப்பற்ற குறிப்பிட்ட காலத்தை விதிக்கலாம் என்று 2023 மார்ச்சில் சிவகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காப்பாற்றுவதற்கு என்ற நியாயம் அங்கே தீர்ந்துபோகிறது.

தூக்குக்கு விதித்த அத்தனை கட்டுப்பாடுகளும் இந்த நடுத் தண்டனைக்கு இல்லை என்பதுதான் என் குறை. தூக்கு விதிக்கச் சிறப்புக் காரணம் வேண்டும், குற்றவாளி திருந்த வழியே இல்லை என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும், மறுசீராய்வைத் திறந்த நீதிமன்றத்தில் மூவர் கேட்க வேண்டும். 25 ஏன், 30 ஏன், 20 ஏன் இல்லை என்று சொல்லும் கட்டாயம் நடுத் தண்டனைக்குக் கிடையாது. இருபது வயதில் உள்ளே போகிறவருக்கும் ஐம்பதில் போகிறவருக்கும் முப்பது ஆண்டு என்பது ஒரே தண்டனை அன்று. தீர்ப்புகளில் அந்தக் கணக்கைப் பார்ப்பது அரிது. இதற்கு மாறாக, 2016 ஜூலையில் தமிழ்நாட்டிலிருந்து போன முத்துராமலிங்கம் வழக்கில் ஐவர் அமர்வு ஒரு தெளிவான கோட்டைப் போட்டது: பல கொலைகளுக்காகப் பல ஆயுள் தண்டனைகள் விதிக்கலாம், ஆனால் ஒன்று முடிந்து ஒன்று என்று அடுக்க முடியாது, மனிதனுக்கு இருப்பது ஒரே ஆயுள். உடலுக்கும் காலத்துக்கும் இடையிலான இந்த எளிய கணக்கை ஏற்ற நீதிமன்றம், ஒரே ஆயுளுக்குள் எத்தனை ஆண்டு கதவை அடைத்து வைக்கலாம் என்ற அடுத்த கேள்விக்கும் போயிருக்கலாம். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013இல் வின்டர் வழக்கில் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது. சாகும்வரை சிறை விதிக்கலாம். ஆனால் கைதி மாறியிருக்கிறாரா என்று ஒரு கட்டத்தில் யாராவது திரும்பிப் பார்க்கும் வழி இருந்தே ஆக வேண்டும் என்றது.

நம்மிடம் அந்த வழி இருக்கிறது, 72உம் 161உம் யாராலும் தொட முடியாதவை என்று ஸ்ரீஹரன் தீர்ப்பே சொல்கிறதே என்பார்கள். சொல்கிறது. 161இன் கீழ் பேரறிவாளனை விடுவிக்கலாம் என்று தமிழக அமைச்சரவை ஆளுநருக்குப் பரிந்துரைத்தது 2018 செப்டம்பர் 9 அன்று. அமைச்சரவையின் அறிவுரைக்கு ஆளுநர் கட்டுப்பட்டவர் என்பது 1980இல் மாரு ராம் வழக்கிலேயே முடிந்துபோன சட்டம். அதன் பிறகும் ஆளுநர் முடிவெடுக்காமல் பரிந்துரையைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்தார். முழு நீதி வழங்கத் தனக்கு உள்ள சிறப்பு அதிகாரமான உறுப்பு 142இன் கீழ் உச்ச நீதிமன்றம் தானே விடுதலை செய்தது 2022 மே 18 அன்று. நாடு முழுவதும் பெயர் தெரிந்த, மாநில அமைச்சரவையே பின்னால் நின்ற ஒரு கைதிக்கு அந்தக் கதவு திறக்க மூன்று ஆண்டு எட்டு மாதம் ஆயிற்று.